மலைக் கிளை அஞ்சலகத்தின் நஷ்டத்தை யார் கணக்கில் எழுதுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 பிப்ரவரி 1 அன்று படிக்கப்பட்ட பட்ஜெட் உரையில், இந்திய அஞ்சல் துறை ஒரு பெரிய பொதுத்துறை சரக்குப் போக்குவரத்து அமைப்பாக மாற்றப்படும் என்று அறிவித்தார்கள். ஒன்றரை லட்சம் கிராம அஞ்சலகங்களும் 2.4 லட்சம் கிராம அஞ்சல் ஊழியர்களும் கிராமப் பொருளாதாரத்துக்குத் துணை நிற்பார்கள் என்பதும் அதே உரையில்தான் வந்தது. இந்த இரண்டு வாக்கியங்களையும் ஒன்றாக நிறைவேற்ற முடியும். ஆனால் லாப நஷ்டத்தை இப்போது பார்க்கிற முறையிலேயே தொடர்ந்து பார்த்தால், முதல் வாக்கியம் இரண்டாவதைத் தின்றுவிடும். லாபம் தேடுவதில் அஞ்சல் பணியிலிருந்து ஓய்வுபெற்ற எங்களுக்கு மறுப்பில்லை. எந்த அலுவலகத்தின் கணக்கில் எதை வரவு வைக்கிறார்கள், எதைச் செலவு எழுதுகிறார்கள் என்பதில்தான் மறுப்பு. சேலம் மாவட்டத்தில் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் உள்ள கிளை அஞ்சலகங்களை, அதாவது ஊருக்குள் இருக்கும் சிறு தபால் அலுவலகங்களை, எடுத்துக்கொண்டால் இது நன்றாக விளங்கும்.

சென்னையில் உள்ள ஒரு வங்கி, மாரமங்கலம் ஊராட்சியில் ஒரு சிற்றூரில் இருக்கும் வாடிக்கையாளருக்கு ஏ.டி.எம். கார்டு அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 50 கிராமுக்குள் இருந்தால் ஸ்பீடு போஸ்ட் கட்டணம் 47 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. அந்த 47 ரூபாய் சென்னையில் பதிவு செய்த அலுவலகத்தின் வருவாய். அங்கே நடந்த வேலை எடை பார்த்து, பார்கோடு ஒட்டி, பையில் போட்டது. பிறகு தபால் சேலம் வருகிறது, பிரிக்கப்படுகிறது, 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு போகிறது, அங்கிருந்து கிளைக்குப் பை போகிறது, பையைப் பிரித்து ஸ்கேன் செய்து, ஒரு ஆள் காப்பித் தோட்டத்து வழியாக நடந்துபோய்க் கையெழுத்து வாங்குகிறார். கடைசி நான்கு கிலோமீட்டர்தான் மொத்தப் பயணத்திலேயே செலவு மிகுந்த பகுதி. அந்தச் செலவு முழுவதும் மலைக் கிளையின் பெயரில் விழுகிறது. வருவாய்ப் பக்கத்தில் அந்தக் கிளைக்கு எதுவும் ஏறுவதில்லை.

அந்தக் கிளையில் ஒரு நாளைக்கு எத்தனை தபால்தலை விற்கும், எத்தனை ஸ்பீடு போஸ்ட் பதிவாகும்? ஊர்க்காரர்களுக்குக் கடிதம் வருவது அதிகம், போவது குறைவு. ஆகவே இந்தக் கணக்கு முறையில் மலைக் கிளை என்றைக்கும் நஷ்டத்தில்தான் நிற்கும். அங்கே இருப்பவர் எவ்வளவு உழைத்தாலும் அது மாறாது. சென்னை அலுவலகம் 'லாபம்', மாரமங்கலம் 'நஷ்டம்' என்று இரண்டு பட்டியல் போட்டால் பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஆனால் அந்த வங்கி தபால் துறையிடம் வந்ததே இந்தியாவின் எந்தப் பின்கோடுக்கும் போகும் என்பதால்தான். மலை முகவரி என்றால் பல தனியார் கூரியர்கள் ஏற்காடு கடைத்தெருவோடு நின்றுவிடுவார்கள், 'வந்து வாங்கிக்கொள்ளுங்கள்' என்று போன் செய்வார்கள். எல்லா ஊருக்கும் போகும் என்கிற உத்தரவாதம்தான் தபால் துறை விற்கும் சரக்கு. அந்தச் சரக்கைத் தயாரிப்பது கடைசிக் கிளைகள்.

இப்போது செலவைப் பார்ப்போம். 2018 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த ஊதிய அமைப்பின்படி, நான்கு மணி நேர வேலை உள்ள கிளை போஸ்ட்மாஸ்டருக்கு அடிப்படைப் படி 12,000 ரூபாய், உதவிக் கிளை போஸ்ட்மாஸ்டருக்கு 10,000 ரூபாய். 2025 ஜூலையில் அகவிலைப்படி 58 சதவீதம். இருவரும் புதிதாகச் சேர்ந்தவர்கள் என்றால் மாதம் 18,960 கூட்டல் 15,800, ஆக 34,760 ரூபாய். ஆண்டுக்கு 4,17,120 ரூபாய். பல ஆண்டு பணி செய்தவர்களுக்கு ஆண்டு உயர்வு சேர்ந்து இன்னும் கொஞ்சம் கூடும். பை கொண்டு செல்லும் செலவும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் ஒரு கிளைக்கு ஆண்டுக்கு நான்கரை, ஐந்து லட்சத்தைச் சுற்றித்தான் நிற்கும்.

இந்தத் தொகையில் ஓய்வூதியம் கிடையாது. கிராம அஞ்சல் ஊழியர்களுக்கு மத்திய அரசு ஊழியருக்கான ஓய்வூதியம் இல்லை. பணி முடியும்போது கிடைப்பது பணிக்கொடையும் பங்களிப்புத் திட்டத்தில் சேர்ந்த பணமும்தான். கட்டடமும் துறை கட்டித் தருவதில்லை. கிளைக்கான இடத்தை போஸ்ட்மாஸ்டரே ஊருக்குள் காட்ட வேண்டும், அதற்கென ஒரு சிறு படி மட்டும் வரும். நாட்டின் அஞ்சல் வலையமைப்பிலேயே மலிவான உறுப்பு இந்தக் கிளைதான். துறையின் பற்றாக்குறையில் பெரும்பங்கு சம்பளமும் ஓய்வூதியமும். மற்ற பெரும்பாலான மத்திய அரசுத் துறைகளின் ஓய்வூதியம் பொதுவான ஒரு தலைப்பில் போகிறது, தபால் துறையின் ஓய்வூதியமோ அதன் சொந்தக் கணக்கிலேயே செலவாக நிற்கிறது. அதையும் சேர்த்துத்தான் 'நஷ்டம்' என்று படிக்கிறோம். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் நாங்கள் இதைச் சொல்வது எங்களுக்காகவே என்று யாரும் நினைக்க வேண்டாம். மலைக் கிளைகளை மூடினால் அந்தப் பற்றாக்குறையில் ஒரு கீறல்கூட விழாது என்பதற்காகச் சொல்கிறோம்.

கிளைகள் முழுச் செலவையும் சம்பாதிக்க வேண்டும் என்று துறையே ஒருகாலமும் எதிர்பார்த்ததில்லை. கிளை திறப்பதற்கான துறை விதிகளில், சமவெளிக் கிராமக் கிளை தன் செலவில் மூன்றில் ஒரு பங்கை ஈட்டினால் போதும் என்றும், மலை, பழங்குடி, பாலைவனப் பகுதிக் கிளை 15 சதவீதம் ஈட்டினால் போதும் என்றும் அளவு வைத்திருக்கிறார்கள். மக்கள்தொகையும் அப்படித்தான்: சமவெளியில் 3,000 பேர் உள்ள ஊர்க் கூட்டம் வேண்டும், மலையில் ஒரே ஊரில் 500 பேர் அல்லது சேர்ந்த ஊர்களில் 1,000 பேர் இருந்தால் போதும். மேலே போட்ட கணக்கில் 15 சதவீதம் என்பது ஆண்டுக்கு 62,568 ரூபாய், மாதத்துக்கு 5,214. மூன்றில் ஒரு பங்கு என்றால் 1,39,040. ஆக, மலைக் கிளை ஒன்று மாதம் ஐந்தாயிரத்துச் சொச்சம் ஈட்டினால் அது விதிப்படி சரியாக நடக்கும் கிளை. மீதி 85 சதவீதத்தை அரசு தெரிந்தே ஏற்றுக்கொண்டிருக்கிறது. தெரிந்தே ஏற்றுக்கொண்ட தொகையை ஆண்டுக் கடைசியில் 'நஷ்டம்' என்று எழுதுவது முறையல்ல. சேவைக்காக அரசு கொடுக்க வேண்டிய விலை என்று எழுத வேண்டும்.

அந்த விலை அதிகமா என்று கேட்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. 2025-26-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் ஒரு நாள் ஊதியம் 336 ரூபாய். கிளை மூடப்பட்டு, ஒரு கிளையைச் சேர்ந்த நூறு பேர் மாதம் ஒருமுறை உதவித்தொகைக்காகவோ ஆதார் வழிப் பணம் எடுக்கவோ ஏற்காடு போய்வருவதாகக் கொள்வோம். முதியவர் போனாலும் உடன் ஒருவர் போக வேண்டும், அந்த ஒருவரின் நாள் கூலி போகும். நூறு பேருக்குப் பன்னிரண்டு மாதத்துக்கு 4,03,200 ரூபாய். பஸ் கட்டணமும் சாப்பாடும் இதில் சேரவில்லை. கிளைக்கு ஆகும் செலவை அரசு மிச்சம் பிடித்து, அதே தொகையைத் தோட்டக் கூலிகளிடம் வசூலித்த கதையாகிவிடும். முதியோர் உதவித்தொகை 2023-ல் 1,200 ரூபாய் ஆனது. அதை எடுக்கப் போய்வருவதிலேயே மூன்றில் ஒரு பங்கு கரைந்தால் அந்தத் திட்டத்துக்கு என்ன பொருள்?

கிளை இருந்தால் மட்டும் போதாது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். இருக்கிற கிளையில் எங்கே கோளாறு வருகிறது என்பதைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

முதல் கோளாறு நேரம். கிளை நான்கு அல்லது ஐந்து மணி நேரம்தான் திறந்திருக்கும். அந்த நேரம் பை வந்து சேரும் நேரத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. பை முற்பகலில் வரும், பிற்பகலில் கணக்கு முடித்துத் திரும்பும். நவம்பர் கடைசியில் தொடங்கி பிப்ரவரி வரை காப்பிப் பழம் பறிக்கிற காலம்; காலையில் தோட்டத்துக்குப் போகிறவர்கள் இருட்டும் வேளையில்தான் வீடு திரும்புவார்கள். கிளை திறந்திருக்கும்போது ஊரில் ஆள் இல்லை, ஆள் இருக்கும்போது கிளை மூடியிருக்கிறது. கையெழுத்து வேண்டிய தபால் அறிவிப்புச் சீட்டோடு நின்றுபோய், ஏழு நாள் காத்திருந்து, அனுப்பியவருக்கே திரும்பிவிடும். பறிப்புக் காலத்தில் மட்டும் கிளை நேரத்தில் ஒரு மணி நேரத்தைப் பிரித்து மாலையில் வைத்தால் பாதிச் சிக்கல் தீரும். இதற்குக் கூடுதல் ஊதியம் வேண்டாம், கோட்ட அளவில் ஓர் உத்தரவு போதும்.

இரண்டாவது, கைப்பணம். ஒவ்வொரு கிளைக்கும் இவ்வளவு பணம்தான் கையிருப்பில் இருக்கலாம் என்று ஒரு வரம்பு உண்டு. அதற்கு மேல் வேண்டுமென்றால், கிளை கணக்குக் காட்டும் மேல் அஞ்சலகமான கணக்கு அலுவலகத்துக்கு எழுத வேண்டும், அடுத்த நாள் பையில் பணம் வரும். மாத முதல் வாரத்தில் நாற்பது பேர் ஆளுக்கு 1,200 எடுக்க வந்தால் 48,000 ரூபாய் வேண்டும். கிளையின் வரம்போ சாதாரண நாளின் வரவு செலவை வைத்துப் போட்டது. முதல் பத்துப் பேருக்குக் கிடைக்கும், மற்றவர்களுக்கு 'நாளைக்கு வாங்க'. நாளை ஞாயிறாக இருந்தால் திங்கள். கிளையில் பணம் இல்லை என்று ஊருக்குள் பேச்சு பரவிவிட்டால் அடுத்த மாதம் மக்கள் வேறு வழி தேடுவார்கள், கிளையின் பணப் பரிமாற்ற எண்ணிக்கை குறையும், அந்த எண்ணிக்கையைக் காட்டியே கிளைக்கு வேலை இல்லை என்பார்கள். வரம்பை மாத முதல் பத்து நாளுக்கு மட்டும் உயர்த்தி, முதல் நாள் பையிலேயே பணம் அனுப்பிவிட்டால் இந்தச் சுழல் நிற்கும்.

மூன்றாவது, சிக்னல். கிளையில் இன்று எல்லாமே இணைய வழி. பதிவு, பட்டுவாடா, சேமிப்புக் கணக்கு, இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கிப் பணம் எல்லாவற்றுக்கும் செல்போன் கோபுரத்தின் தயவு வேண்டும். பள்ளத்தில் இருக்கும் சிற்றூர்களில் சிக்னல் வந்து வந்து போகும். கைரேகை வைத்துப் பணம் எடுக்கும்போது பாதி வழியில் தொடர்பு அறுந்தால், கணக்கில் பணம் கழிந்ததாகக் காட்டும், கையில் கொடுக்க அனுமதி வராது. அது திரும்பி வர நாளாகும். காப்பி, மிளகு பறித்துத் தேய்ந்த விரல்களில் ரேகை பதியாதது வேறு. முகத்தைப் பார்த்து அடையாளம் காணும் வசதி 2025-ல் வந்திருக்கிறது. அதுவும் சிக்னல் இருந்தால்தான் ஓடும். ஓ.டி.பி. சொன்னால்தான் தபால் கொடுக்கலாம் என்ற முறையை அனுப்புகிறவர் ஐந்து ரூபாய் கூடுதலாகக் கட்டித் தேர்ந்தெடுக்கலாம். நகரத்தில் அது நல்ல பாதுகாப்பு. சிக்னல் இல்லாத ஊரில் அதே ஓ.டி.பி. தபாலைத் திருப்பி அனுப்பும் காரணமாகிவிடுகிறது. இரண்டு நிறுவனங்களின் சிம் கார்டு, சூரிய மின் தகட்டில் ஓடும் நல்ல மின்கலம், ஓ.டி.பி. வராத இடத்தில் அடையாள அட்டை பார்த்துக் கையெழுத்து வாங்க அனுமதி என்ற மூன்றும் இருந்தால் மலைக் கிளை ஓடும்.

மழையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதும், குப்பனூர் வழியாக வண்டிகள் திருப்பிவிடப்பட்டதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாட்களுக்கு மாற்றுவழிப் பை ஏற்பாடு எழுத்தில் இருக்க வேண்டும்.

இப்போது மலை மக்களின் சட்டைப் பையை நேரடியாகத் தொட்ட விஷயத்துக்கு வருகிறோம். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் தனிச் சேவையாக இல்லை. ஸ்பீடு போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. அக்டோபர் 1 முதல் ஸ்பீடு போஸ்ட் கட்டணமும் உயர்ந்தது. முன்பு 20 கிராம் கடிதம் ஒன்றைப் பதிவுத் தபாலில் அனுப்ப 5 ரூபாய் தபால் கட்டணம், 17 ரூபாய் பதிவுக் கட்டணம், வரி சேர்த்து 25 ரூபாய் 96 காசு ஆனது. இப்போது அதே கடிதம் 47 ரூபாய், பதிவு வசதிக்கு 5 ரூபாய், 18 சதவீத வரி 9 ரூபாய் 36 காசு, மொத்தம் 61 ரூபாய் 36 காசு. பதிவு வசதி இல்லாமல் வெறும் ஸ்பீடு போஸ்ட் என்றால் 55 ரூபாய் 46 காசு. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை: வெறும் ஸ்பீடு போஸ்ட் அந்த முகவரியில் உள்ள யாரிடமும் கொடுக்கப்படலாம்; பதிவு வசதி சேர்த்தால் முகவரியில் பெயர் உள்ளவரிடமோ அவர் அதிகாரம் கொடுத்தவரிடமோ மட்டும்தான் கொடுக்க வேண்டும். வழக்கறிஞர் நோட்டீசுக்கும் சொத்துத் தகராறுக்கும் இரண்டாவதுதான் வேண்டும். அலுவலகத்துக்கு மனு அனுப்பியதற்குச் சான்று மட்டும் போதும் என்றால் முதலாவதே போதும்.

உள்ளூர்க் கட்டணம் என்று ஒன்று இருக்கிறது: 50 கிராமுக்கு 19 ரூபாய். அது ஒரே ஊர் எல்லைக்குள் போகும் தபாலுக்கு. சேலம் அம்மாபேட்டையில் இருப்பவர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் பதிவு வசதியோடு ஒரு மனு அனுப்பினால் 28 ரூபாய் 32 காசு. சேர்வராயன் மலையிலிருந்து அதே அலுவலகத்துக்கு அதே மனுவை அனுப்பினால் 61 ரூபாய் 36 காசு. ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் இடையே முப்பது கிலோமீட்டர் அளவுதான். பட்டாவுக்கும் சாதிச் சான்றுக்கும் வன உரிமைக்கும் மனு மேல் மனு போட வேண்டியவர்கள் நகரத்தில் இருப்பவர்களைவிட மலையில்தான் அதிகம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். அதை அனுப்பிய சான்றோடு அனுப்ப அதைப்போல் ஐந்தரை, ஆறு மடங்கு. தபாலில் போட்டதற்கு மலிவான சான்று தந்துகொண்டிருந்த 'சர்ட்டிபிகேட் ஆஃப் போஸ்டிங்' 2011-லேயே நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது ஏழைக்கு இருப்பது சான்று இல்லாத சாதாரணத் தபால் அல்லது அரை நாள் வேலையை விட்டு நேரில் போவது.

இங்கே எங்கள் கோரிக்கை சிறியது. மலை, பழங்குடிப் பகுதிக் கிளைகளில் பதிவாகி, அதே மாவட்டத்துக்குள் அரசு அலுவலக முகவரிக்குப் போகும் 50 கிராமுக்குட்பட்ட ஸ்பீடு போஸ்டுக்கு உள்ளூர்க் கட்டணமே வாங்க வேண்டும். மாணவர்களுக்கு ஸ்பீடு போஸ்டில் 10 சதவீதச் சலுகை இப்போதே இருக்கிறது, ஆகவே ஒரு பிரிவினருக்கு மென்பொருளில் தனிக் கட்டணம் வைப்பது துறைக்குப் புதிதல்ல. பின்கோடு பார்த்துக் கட்டணம் போடும் முறை இருக்கும்போது இதற்கு வேறு எந்த ஏற்பாடும் தேவையில்லை.

சலுகை கேட்பவர்கள் எங்கே கட்டணம் கூட்டலாம் என்றும் சொல்ல வேண்டும். அஞ்சலட்டை இன்னும் 50 காசு, இன்லண்ட் லெட்டர் இரண்டரை ரூபாய். இருபதாண்டுக்கும் மேலாக இந்த விலை நகரவில்லை. ஓர் அஞ்சலட்டையைக் கொண்டு சேர்க்க ஆகும் செலவு பத்து ரூபாய்க்கும் மேல் என்பது துறையின் ஆண்டறிக்கைகளிலேயே வந்த கணக்கு. இந்த மானியம் இன்று ஏழைகளுக்கு அதிகம் போய்ச் சேரவில்லை. அஞ்சலட்டை இரண்டு ரூபாய் ஆனால் மலையில் யாருக்கும் கஷ்டம் வராது. சான்றோடு அனுப்பும் மனு 61 ரூபாய் ஆனதில்தான் கஷ்டம். மானியம் எங்கே வேண்டுமோ அங்கே போகட்டும்.

பட்டுவாடாவிலும் விட்டுக்கொடுக்கலாம். வாரம் ஆறு நாளும் எல்லாச் சிற்றூர்களுக்கும் ஆள் போவதாகக் காகிதத்தில் இருப்பதைவிட, தொலைவில் உள்ள சில சிற்றூர்களுக்குத் திங்கள், புதன், வெள்ளி கட்டாயம் வருவார் என்று பலகையில் எழுதிவைத்து அதன்படி வருவது நல்லது. பிரிட்டனில் 2025 ஜூலை முதல் இரண்டாம் வகுப்புக் கடிதங்களை ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்க அனுமதித்திருக்கிறார்கள். டென்மார்க்கில் 2025 கடைசியோடு அஞ்சல் நிறுவனம் கடிதப் பட்டுவாடாவையே நிறுத்திவிட்டது. டென்மார்க்கைக் காட்டி இங்கே பேசுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அங்கே அரசு அலுவலகம் குடிமக்களுக்கு அனுப்பும் கடிதம் பல ஆண்டுகளாகவே டிஜிட்டல் அஞ்சல் பெட்டிக்குத்தான் போகிறது. இங்கே வங்கி நோட்டீசும் நீதிமன்றச் சம்மனும் காகிதமாகத்தான் மலையேறுகின்றன.

லாபம் எங்கே இருக்கிறது? சேலத்தைச் சுற்றியே கொட்டிக் கிடக்கிறது. இளம்பிள்ளைச் சேலை, செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசு, சேலம் ஜவ்வரிசி, மே, ஜூனில் மாம்பழம். இளம்பிள்ளையில் வாட்ஸ்அப்பில் படம் போட்டு விற்கும் வியாபாரிகள் நாள்தோறும் பார்சல் போடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தனியாரிடம் போவதற்குக் காரணம் கட்டணம் மட்டும் அல்ல. ஆர்டர் எடுத்து, மடித்து, கட்டி முடிக்க மாலை ஆறு மணி ஆகும், அதற்குள் தபால் கவுன்டர் மூடிவிடும். தனியார் ஆள் இரவு எட்டு மணிக்குக் கடைக்கே வந்து மொத்தமாக எடுத்துக்கொள்வார். பார்சலைப் பெரிய அட்டைப்பெட்டியில் போட்டால் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வரும் எடைக்கும் காசு கேட்பார்கள் என்பதையும் வியாபாரிக்கு முன்கூட்டியே சொல்லித்தர ஆள் வேண்டும். முக்கால் கிலோ சேலையை 40-க்கு 30-க்கு 10 அளவுப் பெட்டியில் வைத்தால் அந்தக் கணக்கில் 2.4 கிலோ. அதையே பாலித்தீன் உறையில் போட்டால் முக்கால் கிலோதான். மொத்த வாடிக்கையாளருக்குச் சலுகை, பிறகு பணம் கட்டும் வசதி, பொருள் கொடுத்துப் பணம் வாங்கும் வசதி எல்லாம் தபால் துறையில் இருக்கின்றன. இளம்பிள்ளைக்கு மாலை ஏழரைக்கு ஒரு வண்டி போவதுதான் பாக்கி. அங்கே துறை முழு வியாபாரியாக நடக்கட்டும். கட்டணம் பேசட்டும், போட்டி போடட்டும், தவறினால் பணம் திருப்பிக் கொடுக்கட்டும்.

அந்த வியாபார இலக்கை எடுத்துக்கொண்டு மலைக் கிளை போஸ்ட்மாஸ்டரிடம் போகக் கூடாது என்பதுதான் எங்கள் வாதம். கிராமிய ஆயுள் காப்பீட்டில் இத்தனை பாலிசி, இத்தனை புதுக் கணக்கு என்று எண்ணிக்கை கொடுத்தால் என்ன நடக்கும்? இலக்கு முடிக்க உறவினர் பெயரில் பாலிசி போட்டு முதல் தவணையைத் தன் கையிலிருந்து கட்டுவார். அடுத்த தவணை வராது, பாலிசி காலாவதியாகும். நூறு ரூபாய்க் கணக்கு திறந்து அப்படியே கிடக்கும். அறிக்கையில் வளர்ச்சி தெரியும், கிளைக்கு ஒரு பைசா நிலையான வருவாய் வராது. மலைக் கிளையை அளக்க வேறு அளவு வேண்டும்: வந்த தபாலில் எத்தனை ஏழு நாளுக்குள் கொடுக்கப்பட்டது, எத்தனை 'ஆள் இல்லை' என்று திரும்பியது, பணம் கேட்டு வந்தவர்களில் எத்தனை பேர் பணமில்லாமல் திரும்பினார்கள், மாதத்தில் எத்தனை நாள் சிக்னல் இல்லை. இவை அனைத்தும் இப்போதே கருவியில் பதிவாகின்றன அல்லது ஒரு நோட்டில் எழுதிவிடலாம்.

எஞ்சியிருப்பது பணம் யார் தருவது என்ற கேள்வி. 1898-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் கடிதம் கொண்டுசெல்லும் தனி உரிமை அரசுக்கு இருந்தது. நகரத்துக் கடிதத்தின் லாபத்தில் மலைக் கடிதத்தின் நஷ்டத்தை ஈடுகட்டலாம் என்பதுதான் அந்த உரிமைக்கு நியாயம். 2024 ஜூன் 18 முதல் நடைமுறைக்கு வந்த புதிய அஞ்சலகச் சட்டத்தில் அந்தத் தனி உரிமை இல்லை. தபால்தலை வெளியிடும் உரிமை மட்டும் மிஞ்சியிருக்கிறது. லாபம் தரும் வழித்தடங்களைத் தனியார் எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் தடையில்லை. லாபம் தராத ஊர்களுக்குப் போகும் கடமை மட்டும் துறையிடம் அப்படியே இருக்கிறது. ஈடுகட்டும் வழியை எடுத்துவிட்டால் வேறு வழி வைக்க வேண்டும்.

அந்த வழி அதே தகவல் தொடர்பு அமைச்சகத்தில் இருபதாண்டுக்கும் மேலாக நடந்துகொண்டிருக்கிறது. தொலைபேசி நிறுவனங்கள் தங்கள் வருவாயில் 5 சதவீதத்தைக் கிராமச் சேவைக்கான நிதிக்குக் கட்டுகின்றன. இப்போது அதன் பெயர் டிஜிட்டல் பாரத் நிதி. லாபம் வராத கிராமங்களில் கோபுரம் வைக்க அதிலிருந்து பணம் போகிறது. எந்த நிறுவனம் வைத்தாலும் அந்தக் கோபுரத்தின் பற்றாக்குறையை யாரும் அந்த நிறுவனத்தின் திறமையின்மை என்று எழுதுவதில்லை. மலைக் கோபுரத்துக்கு ஒரு நிதி இருக்கும்போது மலைத் தபாலுக்கும் ஒன்று இருக்கலாம். கூரியர், இணைய வணிகப் பார்சல் நிறுவனங்களிடம் சிறு பங்கு வாங்கலாம். அது முடியாதென்றால் பட்ஜெட்டிலேயே 'கிராம, மலை அஞ்சல் சேவைக்கான தொகை' என்று தனித் தலைப்பு வைத்து, கிளை ஒன்றுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுத் துறைக்குக் கொடுக்கலாம். கொடுத்த பணத்துக்கு மேலே சொன்ன அளவுகளைக் கேட்டு வாங்கலாம். அதன் பிறகு மீதித் தொழிலில் துறை லாபமா நஷ்டமா என்று எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் பார்க்கட்டும். சிறுசேமிப்புக் கணக்குகளை நடத்தித் தருவதற்கு நிதி அமைச்சகம் துறைக்குக் கணக்குவாரியாகப் பணம் தருகிற முறை ஏற்கெனவே இருக்கிறது. பட்டுவாடாவுக்கும் அதே முறை.

டெல்லி முடிவெடுக்கும்வரை காத்திருக்க வேண்டாத வேலைகள் சில உண்டு. பறிப்புக் காலத்துக்கான மாலை நேரம், மாத முதல் பத்து நாள் கைப்பண வரம்பு, இரட்டை சிம், குப்பனூர் வழி மாற்றுப் பை, சிற்றூர்வாரியாகப் பட்டுவாடா நாள் எழுதிய பலகை ஆகியவற்றைக் கோட்ட, மண்டல அளவிலேயே செய்யலாம். வருகிற பறிப்புப் பருவம் தொடங்குமுன், அதாவது நவம்பருக்குள், இவற்றில் எதெது நடைமுறைக்கு வருகிறது என்று அஞ்சல் துறை அதிகாரிகள் உங்கள் நாளிதழ் வழியாகவே மலை மக்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அஞ்சல் பணியிலிருந்து ஓய்வுபெற்ற சிலர்,
சேலம், ஏற்காடு.